தங்கமீனின் வால் கிழிந்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வால் கிழிந்த தங்கமீனை என்னிடம் கொண்டுவருபவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் ஏற்கெனவே ஒரு நீல மருந்து பாட்டில் இருக்கும். மீன் கடையில் விஷயத்தைச் சொன்னதும் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். "நாலு சொட்டு விட்டோம், சரியாகல. இன்னும் கொஞ்சம் விட்டோம். இப்ப சாப்பிடவே மாட்டேங்குது" என்பார்கள். நாய், பூனையோடு மீன்களையும் பார்க்கிற கால்நடை மருத்துவர் நான். இந்த வரிசையை அடிக்கடி பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். கிழிந்த துடுப்பை வளர்ப்பது மருந்து இல்லை, மீனின் உடம்பு. அதற்கு நாம் செய்துதர வேண்டியது நல்ல தண்ணீர். மருந்து தேவைப்படும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஆனால் அவை குறைவு, அவற்றை அடையாளம் கண்டுபிடிக்கவும் முடியும்.

துடுப்பு வெறும் தோல் அல்ல. விசிறியில் குச்சிகளும் அவற்றுக்கு நடுவே துணியும் இருப்பதுபோல, துடுப்பில் மெல்லிய எலும்புக் கதிர்களும் அவற்றை இணைக்கும் சவ்வும் இருக்கின்றன. ஒவ்வொரு கதிரும் சின்னச் சின்னக் கணுக்களாக அடுக்கப்பட்டது. உள்ளே ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெட்டுப்பட்டால் ஒரு நாளுக்குள் சுற்றியுள்ள தோல் நகர்ந்து வந்து காயத்தை மூடிவிடும். அதன்பிறகு அந்த முனையில் புதிய செல்கள் திரண்டு, அங்கிருந்து கதிர் மறுபடி நீளும். வெட்டிய துடுப்பு திரும்ப வளர்கிறது என்று புரூசொனே என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1786-லேயே எழுதியிருக்கிறார். ஆய்வகங்களில் 28 டிகிரி தண்ணீரில் வைக்கப்படும் ஜீப்ரா மீனுக்கு வால் துடுப்பு இரண்டு மூன்று வாரங்களில் வளர்ந்துவிடுகிறது. தங்கமீனுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். சவ்வில் ஒரு கிழிசல் மட்டும் என்றால் ஓரிரு வாரம். பாதி வால் போயிருந்தால் ஒன்றிரண்டு மாதம்கூட ஆகலாம். துடுப்பின் அடிப்பகுதி, அதாவது கதிர்கள் உடம்போடு சேரும் இடம் அழிந்துபோனால் மட்டும் வளர்ச்சி நின்றுவிடும். அந்த இடம் வரை போகவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

அண்மையில் ஓர் அம்மா தன் மகனோடு வந்தார். கையில் மூடி போட்ட ஒரு சின்ன வாளி. உள்ளே ஒரு ஒராண்டா, தலையில் கொண்டை வைத்த தங்கமீன். இரவில் ஃபில்டர் தண்ணீரை உறிஞ்சும் பக்கத்தில் வால் மாட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் பார்த்தபோது வாலின் கீழ்மடல் மூன்று இழைகளாகப் பிரிந்து தொங்கியது. "தையல் ஏதாவது போட முடியுமா டாக்டர்?" என்று கேட்டார். பையன் பேசவே இல்லை, வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். "வேண்டாம்மா. தைத்தால் ஊசி போன இடமெல்லாம் புதுக் காயம் ஆகிவிடும். அதுவே வளர்ந்துவிடும்" என்றேன். செல்போன் டார்ச்சை வாளிக்குப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினேன். கிழிந்த ஓரம் நேராக, சுத்தமாக இருந்தது. வெண்மை இல்லை, பஞ்சு இல்லை. அடிப்பகுதி முழுசாக இருந்தது. மூச்சு சீராக இருந்தது. அந்த மீனுக்கு நான் எந்த மருந்தும் எழுதவில்லை. ஃபில்டர் வாய்க்கு ஒரு ஸ்பாஞ்ச் மாட்டச் சொன்னேன், தண்ணீர் மாற்றும் அளவைச் சொன்னேன். கூடவே தினமும் ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்துவைக்கச் சொன்னேன். அந்த வேலையைப் பையன் ஏற்றுக்கொண்டான்.

கிழிசலா, அழுகலா?

டார்ச் வெளிச்சத்தில் துடுப்பின் ஓரத்தைப் பார்ப்பதை எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும். கிழிசல் திடீரென்று வரும். நேற்று முழுசாக இருந்த வால் இன்று பிளந்திருக்கும், ஓரம் தெளிவாக இருக்கும், மீன் வழக்கம்போலச் சாப்பாட்டுக்கு மேலே வரும். அழுகல் நாள் கணக்கில் நகரும். ஓரம் முதலில் பால் நிறமாகும். பிறகு சவ்வு கரைந்து, கதிர்கள் மட்டும் முள்முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும். துடுப்பில் சிவப்பு ரத்தக் கோடுகள் தெரியும். துடுப்பை விரிக்காமல் உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு மூலையில் நிற்கும். ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் வகை பாக்டீரியாக்கள்தான் பெரும்பாலும் இதைச் செய்கின்றன. இவை எங்கிருந்தோ புதிதாக வருபவை அல்ல. எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருப்பவை. தண்ணீர் கெட்டு மீன் தளர்ந்தால்தான் அவற்றுக்கு இடம் கிடைக்கிறது. காயத்தின் மேல் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. செத்த திசுவில்தான் முதலில் பிடிக்கும்.

நல்ல அறிகுறியைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். புதிதாக வளரும் துடுப்பு முதலில் நிறமே இல்லாமல் இருக்கும். பழைய ஆரஞ்சு நிறம் முடியும் இடத்தில் மெல்லிய, ஊடுருவிப் பார்க்கக்கூடிய ஒரு விளிம்பு தெரியும். இதைப் பூஞ்சை என்று நினைத்து மருந்தை ஊற்றிவிடுகிறார்கள். பூஞ்சை வெளியே துருத்திக்கொண்டு தண்ணீரில் ஆடும். புதுச் சவ்வு துடுப்பின் தளத்திலேயே தட்டையாக இருக்கும். ஆறும் ஓரம் சிலசமயம் கறுப்பாவதும் உண்டு. அம்மோனியாவால் வெந்த இடம் தேறும்போது அப்படி நிறம் கூடும், பிறகு மெல்லக் குறையும். அதேபோல், வளர்ந்த ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்கதிரிலும் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக வரும். அது நோய் இல்லை. அதற்குச் சிகிச்சை எதுவும் வேண்டாம்.

கிழிசல் எதனால் வந்தது என்று தேடாமல் சிகிச்சையைத் தொடங்கினால் அடுத்த வாரமும் கிழியும். கூர்மையான பிளாஸ்டிக் செடி, உடைந்த அலங்காரப் பானை, கரடுமுரடான வலை இவையெல்லாம் சாதாரணக் காரணங்கள். தொட்டிக்குள் ஒரு பழைய நைலான் துணியை விட்டு எல்லாப் பொருளின் மேலும் இழுத்துப் பாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே வாலும் மாட்டும். கூட விடும் மீன்களும் காரணமாகலாம். டைகர் பார்ப் போன்ற மீன்கள் தங்கமீனின் நீண்ட வாலைக் கடித்துக்கொண்டே இருக்கும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன், இரவில் தங்கமீனின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மேல்வழவழப்பை உறிஞ்சும். இந்த இரண்டு வகையையும் தங்கமீனோடு ஒரே தொட்டியில் வைக்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். துடுப்பின் அடியில் நூல்போல ஏதாவது தொங்கி, அந்த இடம் சிவந்து வீங்கியிருந்தால் அது ஆங்கர் வார்ம் என்ற ஒட்டுண்ணி. கையால் பிடுங்கினால் தலைப்பகுதி உள்ளேயே தங்கிவிடும். அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

தண்ணீர்தான் கட்டு, தண்ணீர்தான் களிம்பு

மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்கி, பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட் ஆக்குகின்றன. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் உருவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை அம்மோனியா சேர்ந்து செவுளையும் துடுப்பின் ஓரத்தையும் சுடும். ஃபில்டரே இல்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் இது எப்போதும் நடந்துகொண்டே இருக்கும். இத்தாலியில் ரோம் நகரம் 2005-ல் தங்கமீனை உருண்டைக் கிண்ணத்தில் வைப்பதற்கே தடை போட்டது. இங்கே நம் கடைகளில் இன்னும் கிண்ணமும் மீனும் சேர்த்தே பரிசுப்பொருளாக விற்கப்படுகின்றன. ஒரு தங்கமீனுக்குக் குறைந்தது 75 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது என் கருத்து. பிரிட்டனில் டிஷ் என்ற தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999-ல் இறந்தது. ஆறு மாதத்தில் செத்துப்போகிற மீன் என்று இதை நினைத்து வாங்குவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று இதிலிருந்து தெரியும்.

எனவே வால் கிழிந்தால் முதல் செலவு அம்மோனியா டெஸ்ட் கிட். மருந்து பிறகு. கிட் பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். அதற்கு மேல் நிறம் ஏறினால் அன்றே மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தண்ணீரை மாற்றுங்கள். நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் காரத்தன்மை கூடியது. தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு சுமார் பத்து மடங்காகிறது. வெப்பம் ஏறினாலும் அது கூடும். பக்கத்து வீட்டில் சமாளித்த அதே அளவு உங்கள் தொட்டியில் வாலைச் சுடுவதற்கு இதுதான் காரணம். அதற்காக ஆர்.ஓ. கேன் தண்ணீரை மட்டும் நிரப்பிவிடாதீர்கள். அதில் உப்புகள் இல்லாததால் பி.எச். நிலைக்காமல் சரிந்துவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப்பில் மாட்டும், காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு ஒரு நாள் திறந்து வையுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரினை அளவு பார்த்துச் சேருங்கள். போர் தண்ணீரில் குளோரின் இல்லைதான். ஆனால் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். அதையும் காற்றடித்த பிறகே ஊற்ற வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும்.

இப்போது அந்த நீல மருந்துக்கு வருகிறேன். அது மெத்திலீன் ப்ளூ. முட்டைகளில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும், மேலோட்டமான பூஞ்சைக்கும் உதவும். நைட்ரைட் விஷத்திலும் அதற்குப் பயன் உண்டு. சுத்தமான கிழிசலுக்கு அது தேவையே இல்லை. ஆழமான பாக்டீரியா அழுகலுக்கு அது போதாது. அதைவிட முக்கியம், அதைப் பிரதானத் தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். ஃபில்டர் செத்தால் அம்மோனியா ஏறும். அம்மோனியா ஏறினால் வால் இன்னும் வேகும். வால் மோசமாவதைப் பார்த்து இன்னும் நான்கு சொட்டு விடுவார்கள். என்னிடம் வருகிற பல மீன்கள் இந்தச் சுழலுக்குள் மாட்டியவை. அவற்றில் முதல் காயம் எப்போதோ ஆறத் தொடங்கியிருக்கும்.

மஞ்சள் தூளும் போட வேண்டாம். நம் காயத்துக்கு நம்பி வைக்கிற பொருள்தான். ஆனால் தொட்டியில் அது கரையாமல் மிதந்து செவுளில் படியும், மிச்சம் அடியில் கிடந்து தண்ணீரைக் கெடுக்கும்.

கல்லுப்பு, அளவோடு

நான் உண்மையிலேயே பரிந்துரைக்கும் சமையலறைப் பொருள் கல்லுப்பு. மீனின் ரத்தம் சுற்றியுள்ள நன்னீரைவிட உப்பு மிகுந்தது. அதனால் தண்ணீர் எந்நேரமும் மீனுக்குள் ஊறிக்கொண்டே இருக்கிறது. சிறுநீரகம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தோல் கிழிந்தால் தண்ணீர் உள்ளே புகுவதும் உப்பு வெளியேறுவதும் கூடும். தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் அந்தச் சுமை குறையும். மிச்சமாகும் சக்தி காயத்துக்குப் போகும். நைட்ரைட் செவுள் வழியே நுழைவதையும் உப்பு தடுக்கும். ஆனால் இந்த அளவு உப்பு அழுகலை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கொல்லாது. அதை எதிர்பார்த்து உப்பைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது.

அளவு: ஒரு லிட்டருக்கு 1 கிராம். தேவைப்பட்டால் அடுத்தடுத்த நாட்களில் இன்னும் ஒவ்வொரு கிராமாகக் கூட்டி, 3 கிராமில் நிறுத்திவிட வேண்டும். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், தராசில் எடையிட்டு, தனியாக ஒரு சொம்பில் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். தொட்டியின் கொள்ளளவு தெரியாவிட்டால், 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை சுமார் 56 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போனால் இன்னும் குறையும். தண்ணீர் ஆவியானாலும் உப்பு போகாது. குறைந்த தண்ணீரை நிரப்பும்போது உப்புச் சேர்க்காதீர்கள். எடுத்து மாற்றிய தண்ணீருக்கு மட்டும் சேருங்கள். தொட்டியில் உயிர்ச்செடிகள் இருந்தால் உப்பு அவற்றைக் கருக்கும். ஃபில்டரில் அம்மோனியாவுக்காக ஜியோலைட் கல் போட்டிருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். உப்புப் பட்டால் பிடித்துவைத்த அம்மோனியாவை அது திரும்ப விட்டுவிடும்.

மீனைத் தனியாக மாற்ற வேண்டுமா? சின்னக் கிழிசல், கடிக்கிற கூட்டாளி யாரும் இல்லை என்றால் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். வலையில் பிடித்து மாற்றுவதே ஒரு அதிர்ச்சி. மற்ற மீன்கள் கடித்தாலோ அழுகல் தெரிந்தாலோ 30, 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று போதும். சோப்பு படாத புது டப்பாக இருக்கட்டும். ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், மேலே ஒரு வலைமூடி, வெளிச்சம் குறைந்த இடம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் ஸ்பாஞ்சை எடுத்துப் போட்டால் நல்ல பாக்டீரியாவும் கூடவே வந்துவிடும். அப்படி இல்லையென்றால் தினமும் பாதித் தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். மீனை வலையில் தூக்காமல், ஒரு கிண்ணத்தைத் தண்ணீருக்குள் சாய்த்து அதிலேயே வரவழைத்து எடுங்கள். கிழிந்த இழைகள் வலைக்கண்ணில் மாட்டாது.

நம் ஊரில் கோடையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தங்கமீனுக்குப் பிடித்த தண்ணீர் 18-லிருந்து 24 டிகிரி வரை. சென்னையில் மே மாதம் வீட்டுத் தொட்டியில் 30-க்கு மேல் போவது சாதாரணம். 20 டிகிரியில் தண்ணீரால் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்க முடியும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். மீனுக்கு அப்போது தேவையோ கூடும். இதே சூட்டில்தான் காலம்நாரிஸ் என்ற பாக்டீரியா நோய் பாய்ந்து பரவுகிறது. வாய் ஓரத்திலோ முதுகிலோ சாம்பல் கலந்த வெண்திட்டு வரும், துடுப்பு சரசரவென்று கரையும், ஓரிரு நாளில் மீன் போய்விடும். அதைப் பூஞ்சை என்று எண்ணி ஹீட்டரைப் போட்டுச் சூடேற்றுகிறவர்கள் நோய்க்குத்தான் உதவுகிறார்கள். மூடியைத் திறந்து, தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சின்ன டேபிள் ஃபேன் காற்று படும்படி வையுங்கள். சில டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை நேரே போடாதீர்கள். கரண்ட் போகும் பகுதியில் இருந்தால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கிவைப்பது எந்த மருந்தையும்விட நல்ல முதலீடு.

சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். துடுப்பு வளரப் புரதம் வேண்டும். ஆனால் தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. மொத்தமாகப் போட்டால் செரிக்காமல் கழிவாகத்தான் வரும். தண்ணீரில் மூழ்கும் நல்ல பெல்லட்டை ஊறவைத்து, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளைக்கு இரண்டு வேளை. இடையில் ஒரு நாள் வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி. கடையில் உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவைக் காயம் ஆறும்வரை தொடவே தொடாதீர்கள். சாக்கடையில் வளரும் புழு அது, என்ன கிருமி கூட வருகிறது என்று சொல்ல முடியாது.

மருத்துவரிடம் எப்போது, எப்படி?

ஓரத்தின் வெண்மை நாளுக்கு நாள் அடிப்பகுதியை நோக்கி நகர்ந்தால், உடம்பிலும் சிவப்புத் திட்டு வந்தால், செதில்கள் தூக்கி நின்றால், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால், இன்னொரு மீனுக்கும் தொடங்கினால் காத்திருக்காதீர்கள். மெடிக்கலில் டெட்ராசைக்ளின் கேப்சூல் வாங்கிப் பிரித்துக் கொட்டுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. நம் கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்கின்றன. மீனுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம், கிருமிக்கு மருந்தைத் தாங்கப் பழக்கிக்கொடுக்கும். எரித்ரோமைசின் பெரும்பாலும் வேறு வகைக் கிருமிகளுக்கானது, துடுப்பு அழுகலை உண்டாக்கும் கிருமிகளுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. தேவைப்பட்டால் நாங்கள் மீனை மயக்கத்தில் வைத்துச் செத்த ஓரத்தை வெட்டியெடுப்போம், காயத்தைத் துடைத்து மருந்து வைப்போம், உணவிலோ ஊசியிலோ ஆன்டிபயாடிக் கொடுப்போம். மயக்க மருந்து, கத்தரிக்கோல் இரண்டையும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். பக்கத்தில் மீன் பார்க்கும் மருத்துவர் இல்லையென்றால், கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளிலோ விசாரித்துப் பாருங்கள்.

கொண்டுவரும்போது மீன் இருந்த தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுவாருங்கள். பாலித்தீன் பையென்றால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. அப்புறம், இன்னொரு சுத்தமான பாட்டிலில் அதே தொட்டியின் தண்ணீர் அரை லிட்டர் தனியாக வேண்டும். பயணத்தில் மீனின் கழிவு கலந்த வாளித் தண்ணீரைச் சோதித்து உங்கள் தொட்டியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இதுவரை என்னென்ன ஊற்றினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டோம். எதன் மேல் எதைக் கொடுக்கிறோம் என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அந்த ஒராண்டாவின் படங்களைப் பையன் அனுப்பிக்கொண்டே இருந்தான். முதலில் மாற்றமே தெரியவில்லை. பிறகு கிழிந்த இழைகளுக்கு நடுவே நிறமற்ற சவ்வு அடியிலிருந்து ஏறி வந்தது. மூன்றில் இரண்டு இழைகள் சேர்ந்துவிட்டன. ஒரு கதிர் மட்டும் சற்று வளைந்தே சேர்ந்தது. அது அப்படியேதான் இருக்கும், நீந்துவதற்கு ஒரு குறையும் இல்லை. அழகுக்காக அதை வெட்டிச் சரிசெய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மீனும் இந்தக் கட்டத்துக்கு வந்தபின் உப்பை ஒரே நாளில் நீக்க வேண்டியதில்லை. வழக்கமாக மாற்றும் தண்ணீரில் உப்புச் சேர்ப்பதை நிறுத்தினால் ஓரிரு வாரத்தில் தானாகவே குறைந்துவிடும். தனி டப்பில் வைத்திருந்தால், உப்பு குறைந்த பிறகு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக டப்பில் கலந்து அரை மணி நேரமாவது பழக்கிவிட்டு மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் ஃபில்டர் வாயில் ஸ்பாஞ்ச் இறுக்கமாக இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிடுங்கள்.